வாயைக் கழுவும் முன்

சென்னையில் ஏதோ ஒரு சிக்னல். பச்சை விழும் முன்பே நகர்ந்த பைக்கும், சிவப்பு விழுந்த பிறகும் நிற்காத ஆட்டோவும் உரசிக்கொள்கின்றன. சேதம் என்று பார்த்தால் பைக்கின் கண்ணாடி மடங்கியதுதான். “என்ன சார், பாத்து வர மாட்டீங்களா?” என்றுதான் தொடங்கும். இரண்டாவது வாக்கியத்தில் ‘சார்’ உதிர்ந்து ‘ஹலோ’ வரும். தெருவில் ‘ஹலோ’ என்பது வணக்கம் கிடையாது, எச்சரிக்கை மணி. அடுத்தது ‘யோவ்’. அதற்கடுத்து ‘ஏய்’, உடனே ‘டேய்’. “மரியாதையா பேசு”, “உனக்கு என்னடா மரியாத”. இதுவரை யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை, ஆனால் சண்டை முக்கால்வாசி முடிந்துவிட்டது. பாக்கி இருப்பது அம்மா, அக்கா. அவர்களை இழுத்த பிறகுதான் டீக்கடையிலிருந்து ஒருவர் கிளாஸை வைத்துவிட்டு வருவார்: “விடுப்பா, அம்மாவ ஏம்ப்பா இழுக்குற.”

இந்த ஏணியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். தமிழில் ஒருவரை அடிக்க ஆபாசம் தேவையில்லை. ‘நீங்க’வை ‘நீ’ ஆக்கினால் போதும். கொங்குப் பக்கம் வாக்கியத்தின் வாலில் ‘ங்க’ போடாமல் விட்டாலே எதிராளியின் முகம் மாறும். ஆகவே, அன்றாட வாழ்வில் கெட்ட வார்த்தை பேசலாமா கூடாதா என்ற கேள்விக்கு முன்பு, எது கெட்ட வார்த்தை என்ற கேள்வி இருக்கிறது. அதில்தான் நாம் தப்புக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம்.

சென்னையில் திட்டுவார்கள். மதுரையிலும் கோவையிலும் வைவார்கள். திருநெல்வேலியில் ஏசுவார்கள். யாழ்ப்பாணத்தில் “அம்மா பேசினவ” என்றால் அம்மா திட்டினார் என்று பொருள். அங்கே ஆபாசமாகப் பேசுவதற்குத் தனிச் சொல் உண்டு: தூஷணம். இந்தப் பிரிப்பு பயனுள்ளது. ஆளைத் தாழ்த்துவது வசை. கேடு வரட்டும் என்பது சாபம். உடல் உறுப்பையும் உறவையும் கலந்து சொல்வது தூஷணம். இது தவிர நான்காவது ஒன்று உண்டு, கதவிடுக்கில் விரல் மாட்டும்போது தானாக வாயிலிருந்து விழுவது. அது யாரையும் நோக்கிச் சொல்லப்படுவதில்லை. தமிழ்நாட்டில் இந்த நான்கையும் ‘கெட்ட வார்த்தை’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டதால்தான் விவாதம் எப்போதும் குழம்புகிறது.

இலக்கணக்காரர்கள் நம்மை விடத் தெளிவாக இருந்தார்கள். தொல்காப்பியம் எச்சவியலில் ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்கிறது. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல் என்பதுதான் விதி. சொல்லவே சொல்லாதே என்று இல்லை, கவனியுங்கள். அடுத்த நூற்பா இன்னும் சுவை: ‘மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்.’ பழகிப்போன சொல்லை மறைக்க வேண்டியதில்லை. உரைகாரர்கள் இதற்கு ஆப்பி, ஆட்டுப் பிழுக்கை போன்றவற்றை உதாரணம் காட்டுவார்கள். ஆ + பீ தான் ஆப்பி. மாட்டுச் சாணம் வீட்டு வாசலுக்குத் தினமும் தேவைப்பட்ட பொருள், அதைப் போய் யார் மறைப்பார்கள்? நன்னூலில் இது ‘இடக்கரடக்கல்’ என்ற பெயரோடு தகுதி வழக்கில் உட்கார்ந்திருக்கிறது. ‘கால் கழுவி வந்தேன்’ என்ற உதாரணத்தைப் பள்ளியில் படிக்காதவர் குறைவு.

மறைக்கப் போட்ட துணியும் அழுக்காகும் என்பது மட்டும்தான் இதில் சிக்கல். கொல்லைக்குப் போகிறேன் என்றார்கள். பிறகு டச்சுக்காரரிடமிருந்து ‘கக்கூஸ்’ வந்தது. வந்த புதிதில் அது அந்நியச் சொல், அதனால் நாகரிகம். இன்று அதை விருந்தாளி முன்னால் சொல்ல முடியாது. லெட்ரின் வந்தது, அதுவும் நாறியது. டாய்லெட், பாத்ரூம், இப்போது ரெஸ்ட் ரூம். ‘நாறியது’ என்பதே கெட்டுப்போன சொல்தான். குறளில் நாற்றம் என்றால் மொட்டுக்குள் இருக்கும் மணம்.

மயிர் இன்னும் நல்ல உதாரணம். ‘தலையின் இழிந்த மயிரனையர்’ என்று வள்ளுவர் கூசாமல் எழுதினார். ஈழத்தில் தலைமயிர் வெட்டப் போகிறேன் என்று இன்றும் சாதாரணமாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் ‘முடி’ வெட்டத்தான் போக வேண்டும். கழிசடை என்ற வசவும் கழிந்து விழுந்த முடிதான், குறளின் அதே உவமை தெருவுக்கு வந்திருக்கிறது. அது வீட்டில் செல்லும், மயிர் செல்லாது.

இங்கே ஒரு சின்ன ஒலியியல் வேடிக்கை. 2022-ல் ஷிரி லெவ்-ஆரி, ரயன் மெக்கே என்ற இரு ஆய்வாளர்கள் ஹீப்ரு, இந்தி, ஹங்கேரியம், கொரியம், ரஷ்யம் ஆகிய ஐந்து மொழிகளின் கெட்ட வார்த்தைகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். ய, ர, ல, வ போன்ற மெல்ல வழுக்கும் ஒலிகள் அவற்றில் மற்றச் சொற்களில் இருப்பதைவிடக் குறைவாக இருந்தன. நம் கணக்கில் அவை இடையினம். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. நாயே, பேயே, எருமை, மூதேவி, மயிர் என்று நம் வசவுகளில் இடையினம் தாராளமாகப் புரள்கிறது. ஆனால் கோபம் ஏறியவன் ‘மயிர்’ என்று சொல்வதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ‘மசுரு’ என்பான். யகரம் போய்ச் சகரம் வந்து உட்காரும். இடையினம் வல்லினமாக இறுகுகிறது. ஆய்வாளர்கள் தமிழையும் சேர்த்திருந்தால் அகராதியை விட்டுவிட்டுத் தெருவில்தான் காது கொடுத்திருக்க வேண்டும்.

வசவுச் சொற்களைப் பிறப்பை வைத்துப் பிரித்தால் கிடைக்கும் பட்டியல் ஆச்சரியமானது. வீட்டில் அனுமதிக்கிற சொல் எது, விரட்டுகிற சொல் எது என்பது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது.

பன்னாடை என்பது தென்னை, பனை மட்டையின் அடியில் வலை போலப் பின்னியிருக்கும் நார். கள்ளையும் நெய்யையும் அதில் வடிகட்டுவார்கள். நல்லது கீழே இறங்கிவிடும், செத்தையும் ஈயும் மேலே தங்கும். நன்னூல் கடைநிலை மாணாக்கருக்கு ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று நான்கு உவமை சொல்கிறது. நெய்யரி என்றால் இந்தப் பன்னாடைதான். ஆக, வாத்தியார் பையனைப் பார்த்து “பன்னாட” என்றால் அவர் அறியாமலேயே இலக்கணம் பேசுகிறார். பொறம்போக்கு என்பது வருவாய்த்துறைச் சொல், தீர்வைக்கு வெளியே போன நிலம். ‘வெட்டி’ சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாமல் செய்ய வேண்டிய வேலையின் பெயர். முடிச்சவிழ்க்கி, வேட்டி முடிச்சில் காசு வைத்த காலத்துப் பிக்பாக்கெட். கஸ்மாலம் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அர்ஜுனனிடம் கண்ணன் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. பேமானி பாரசீக வழி, நேர்மை இல்லாதவன் என்று பொருள். கடைசி இரண்டையும் ‘சேரி பாஷை’ என்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்கள், சொல்லின் அழுக்கைப் பார்க்கவில்லை, பேசுகிறவரின் முகவரியைப் பார்க்கிறார்கள். இந்தக் கூட்டத்துச் சொற்களால் யாருக்கும் பெரிய காயம் இல்லை. மூதேவியையும் இதிலேயே சேர்க்கலாம். காக்கைக் கொடியும் கழுதை வாகனமுமாக ஒரு காலத்தில் கோயிலில் இருந்தவள், காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சிற்பமே உண்டு. திட்டு வாங்கியவரைவிடத் திட்டில் வரும் தெய்வத்துக்குத்தான் வருத்தம் இருக்க வேண்டும்.

இப்போது, வீட்டில் பாட்டி கூடச் செல்லமாகச் சொல்லும் சில சொற்கள். கம்மனாட்டி: கைம்பெண்டாட்டி, அதாவது கணவனை இழந்தவள். ஒரு ஆணைத் திட்ட, யாரோ ஒரு விதவையின் நிலை கருவியாகிறது. சண்டாளா: தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் பட்டியலில் இருக்கும் ஒரு சமூகத்தின் பெயர். கேப்மாரி: தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் இருக்கும் பெயர். வெள்ளைக்காரனின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வந்தது, 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது, பிறந்த குழந்தை கூடக் குற்றவாளிப் பட்டியலில் சேர்ந்தது. சட்டம் போய்விட்டது. பெயர் மட்டும் காமெடி வசனமாக நிற்கிறது. நொண்டி, செவிடு, லூசு, மெண்டல் எல்லாம் இதே வரிசை. மனநல மருத்துவமனை இருக்கும் ஊரே வசவாகிவிடும். சென்னையில் கீழ்ப்பாக்கம், இலங்கையில் அங்கொடை, கோழிக்கோட்டில் குதிரவட்டம். சிகிச்சைக்குப் போக வேண்டிய ஒருவர் அந்தப் பேருந்தில் ஏறி டிக்கெட் கேட்கக் கூசுவதற்கு இந்த நகைச்சுவைக்கும் பங்கு உண்டு.

‘தே’யில் தொடங்கும் சொல்லைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. தேவரடியார் என்றால் கடவுளுக்கு அடியார். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பெண்களை, கொண்டுவந்து, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்ததைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விளக்கும் பொன்னும் கொடுத்தவர்களாகவும் கோயில் பெண்கள் வருகிறார்கள். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் 1947-ல் வந்தது. அந்தப் பெண்களை நிறுத்திவிட்டோம், பெயரை நிறுத்தவில்லை. தமிழின் கடுமையான தூஷணங்களில் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் வேலை செய்கின்றன. திட்டு வாங்குகிறவன் ஆண், அடி விழுவது அங்கே இல்லாத ஒரு பெண்ணுக்கு.

என் அளவுகோல் இதுதான்: சொல் எவ்வளவு அசிங்கம் என்று பார்க்காமல், அது யார் முதுகில் ஏறி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சுத்தியல் கட்டைவிரலில் விழும்போது ஒருவன் கத்தும் மசுரு எனக்குப் பொருட்டே இல்லை. மாநாட்டு மேடையில் சிரித்துக்கொண்டே சொல்லும் ‘நொண்டிச் சாக்கு’ பொருட்டு.

சுத்தியல் விஷயத்தில் அறிவியலும் துணைக்கு வருகிறது. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸ் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. மாணவர்கள் பனிக்குளிர் நீரில் கையை வைத்திருக்க வேண்டும். ஒரு முறை கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே, இன்னொரு முறை மேசையை வர்ணிக்கும் சாதுவான ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே. கெட்ட வார்த்தை சொன்னபோது அதிக நேரம் தாங்கினார்கள், இதயத் துடிப்பும் ஏறியது. சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2010-ல் இதற்குக் கிடைத்தது. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதே குழு 2011-ல் செய்த அடுத்த ஆய்வுதான் நமக்கு முக்கியம்: நாள் முழுதும் கெட்ட வார்த்தை பேசுகிறவர்களுக்கு அந்தப் பலன் குறைவு. மருந்து போலத்தான், தினமும் சாப்பிட்டால் கேட்காது. 2020-ல் புதிதாகச் செயற்கைக் கெட்ட வார்த்தைகளை உருவாக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்கச் சிரிப்பு வந்தது, வலி குறையவில்லை. சின்ன வயதில் அடி வாங்கிக் கற்ற சொல்லுக்குத்தான் அந்த வீரியம் போல.

வேறு மொழியில் திட்டினால் உறைக்காததும் இதனால்தான். துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலம் கற்றவர்களின் தோலில் மின்கடத்தலை அளந்து 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. தாய்மொழியில் கேட்ட ஏச்சுக்குத்தான் உடல் அதிகம் பதறியது. அலுவலகத்தில் நாள் முழுக்க ‘ஷிட்’ போடும் ஒருவர், அதன் தமிழ் ஓரெழுத்தை ஒரு தடவை சொல்லட்டும் பார்க்கலாம். மீட்டிங்கே நின்றுவிடும். ‘மயிர்’ வாயில் வராதவர்கள் “போடா ஹேரே” என்று சொல்வதும் இதே தந்திரம். தொல்காப்பியர் கேட்டிருந்தால் இடக்கரடக்கலில் சேர்த்திருப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் பலருக்குக் குழப்பம். தமிழ்நாட்டில் தெருச் சண்டை எஃப்ஐஆர் என்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 506 என்று மூன்று பிரிவுகள் கோத்துக்கொண்டு வரும்: ஆபாசமாகத் திட்டி, கையால் தாக்கி, மிரட்டினார். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் முதலாவது 296 ஆகிவிட்டது. பொது இடத்தில் மற்றவருக்குத் தொல்லை தரும்படி ஆபாசச் சொல் பேசினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே இரண்டு கொக்கி. ஒன்று, சொல் ஆபாசமாக இருக்க வேண்டும். வெறுமனே இழிவாகப் பேசியது போதாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் சொல்லிவிட்டது. இரண்டு, என்ன சொன்னார் என்பது புகாரில் இருக்க வேண்டும்.

இந்த இரண்டாவதில்தான் பெரும்பாலான புகார்கள் கவிழ்கின்றன. “எழுதக் கூசும் வார்த்தைகளால் திட்டினார்” என்று எழுதித் தருவார்கள். கூச்சம் நியாயம்தான், ஆனால் நீதிமன்றத்துக்கு அந்த வரியால் பயன் இல்லை. எந்தச் சொல், எந்த இடம், எத்தனை மணி, கேட்டவர்கள் யார் யார் என்று நான்கும் வேண்டும். சொல்லை அப்படியே, மேற்கோள் குறிக்குள், பேச்சு வழக்கிலேயே எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்தது என்றால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து உரையாடலை அழித்துவிடாதீர்கள், செய்தி அந்தப் போனிலேயே இருக்கட்டும்.

பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது வேறு கணக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம், முன்ஜாமீன் கிடையாது. டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். சொன்னது பொதுப் பார்வையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, நாலு சுவருக்குள் வேறு யாரும் இல்லாதபோது சொன்னது இதில் நிற்பது கடினம். மாற்றுத்திறனாளியைப் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 92-ஆம் பிரிவிலும் அதே 6 மாதம் முதல் 5 ஆண்டு. அதாவது ஆபாசத்துக்கு 3 மாதம், ‘நொண்டி’க்கு 5 ஆண்டு வரை. நம் வீடுகள் கற்றுக்கொள்ளாத எடைக்கணக்கைச் சட்டப்புத்தகம் ஓரளவு கற்றுவிட்டது.

அலுவலகத்தில் ஆண்கள் கூட்டமாக நின்று தூஷணத்தில் ஜோக் அடிப்பதை ‘சும்மா பசங்க பேச்சு’ என்பார்கள். பாலியல் சாயல் கொண்ட பேச்சு, பணியிடத்தில் பெண்களைக் காக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாலியல் துன்புறுத்தலின் வரையறைக்குள்ளேயே இருக்கிறது. 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும், புகார் கொடுக்க 3 மாத அவகாசம்.

குழந்தைகளுக்கு வருவோம். மூன்று வயதுக் குழந்தை எங்கோ கேட்டதைச் சபையில் போட்டு உடைக்கிறது. பெரியவர்கள் செய்யும் முதல் தவறு சிரிப்பது. இரண்டாவது தவறு வாயில் போடுவது. இரண்டும் குழந்தைக்கு ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: இந்தச் சொல்லை அமுக்கினால் வீடே அதிரும். மறுபடி அமுக்காமல் இருக்குமா? அந்த நேரம் முகத்தை மாற்றாமல் பேச்சைத் திருப்பிவிட வேண்டும். பிறகு தனியாக, “அது மத்தவங்களுக்கு வலிக்கிற வார்த்த, நமக்கு வேணாம்” என்றால் போதும். ஏழெட்டு வயதுக்கு மேல் இது எடுபடாது, அர்த்தம் சொல்லிவிடுவதே நல்லது. கம்மனாட்டி என்றால் என்ன என்று தெரிந்த பையன் அதை அத்தைக்கு முன்னால் சொல்லத் தயங்குவான், குறிப்பாக அத்தை தனியாக இருப்பவர் என்றால். வாயைக் கழுவு என்று விரட்டினால் அவன் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்வான், வீட்டில் பேசாததை டியூஷன் வாசலில் பேசுவான்.

பழக்கத்தை விட நினைக்கும் பெரியவர்களுக்கு: வெற்றிடம் விடாதீர்கள், மாற்றுச் சொல் வேண்டும். அது திடீரென்று வெடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ‘அட ஆண்டவா’ மிக நீளம், வலி முடிந்த பிறகுதான் வந்து சேரும். ‘ச்சை’, ‘கருமம்’, ‘அடச்சே’ எல்லாம் வேலைக்கு ஆகும். வண்டி ஓட்டும்போது மட்டும் விடமுடியவில்லை என்பவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். கேட்க ஆள் இல்லாத இடத்தில் அது வசை ஆகாது.

நம் மரபும் வசையை முழுக்கத் துரத்தவில்லை, இடம் ஒதுக்கி வைத்தது. கல்யாணத்தில் சம்பந்தி வீட்டை ஏசிப் பாட ஏசல் பாட்டு. மச்சானைக் கேலி செய்ய உறவிலேயே உரிமை. வசை பாடுவதற்கென்றே பெயர் வாங்கிய காளமேகம். கேரளத்தின் கொடுங்கல்லூர் பரணித் திருவிழாவில் அம்மன் சன்னதியிலேயே தெறிப்பாட்டு என்ற வசைப் பாட்டு. எதிர்க்க வலு இல்லாதவர்களுக்கு மண்ணை வாரித் தூற்றுவது. அதில் ஆபாசம் ஒரு துளி கிடையாது, ஆனாலும் வட்டிக்கடைக்காரர் முதல் பண்ணையார் வரை அதற்கு அஞ்சினார்கள்.

சிக்னலில் நின்றவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். டீக்கடையிலிருந்து வந்தவர் நடுவில் புகுந்ததால் அம்மாக்கள் அதோடு தப்பித்தார்கள். பைக்குக்காரர் கண்ணாடியை நிமிர்த்துகிறார், பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கிறது. ஆட்டோக்காரர் கியரைப் போட்டுக்கொண்டே தலையை வெளியே நீட்டி, குரலைக்கூட உயர்த்தாமல் ஒன்று கேட்டுவிட்டுப் போகிறார். அதில் உறுப்பு இல்லை, சாதி இல்லை, பெண் இல்லை, 296-ஆம் பிரிவு தொட முடியாது.

“வூட்ல சொல்ட்டு வண்ட்டியா?”